டீசல் எஞ்சினின் எண்ணெய் வழி: பாதுகாப்பும் பழுது நீக்கலும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

நிலக்கடலை பூத்து விழுது மண்ணில் இறங்கும் பருவம். அப்பருவத்தில் ஈரம் தவறினால், பின்னர் எத்துணை நீர் பாய்ச்சினும் இழந்த விளைவு மீளாது. அத்தகைய நாளொன்றில் மின்சாரம் நின்றுபோகிறது. கிணற்றங்கரையில் மாற்றாக வைத்திருக்கும் டீசல் எஞ்சினோ கிளம்ப மறுக்கிறது. ஹேண்டிலைச் சுற்றிக் கை ஓய்ந்தபின் மெக்கானிக்குக்கு ஆள் போகிறது. அவர் வந்து பார்த்தால், முறிந்தது ஒன்றுமில்லை, தேய்ந்ததும் ஒன்றுமில்லை. தொட்டியின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீரும், வடிகட்டியில் பல மாதச் சேறுமே இருக்கின்றன. இதற்குள் இரண்டு நாள் கழிந்துவிடுகிறது. இத்தகைய இழப்பு நம் குடியானவர்களுக்கும் தறிக்கூடம் நடத்துவோருக்கும் புதிதன்று.

இப்பாடத்தின் கருத்தை முதலிலேயே கூறிவிடுவோம். எண்ணெயைத் தூய்மையாக வைத்திருப்பது அங்கத்தினரின் வேலை. பம்பையும் நாசிலையும் பிரித்துச் சீர்செய்வது பட்டறையின் வேலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை அறிந்து நடப்பவருக்கு எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும்; அறியாதவருக்குச் செலவு வைக்கும்.

எஞ்சின் வந்த வழி

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல் என்பார் 1892-ஆம் ஆண்டு தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது செவ்வனே இயங்கிக் காட்டியது. ஆயினும் அக்காலத்து எஞ்சினில் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கு அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கெனத் தனி இயந்திரமும் வேண்டியிருந்தது. ஆகவே அது பெரிய ஆலைகளுக்கும் கப்பல்களுக்குமே ஏற்றதாயிருந்தது. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் எண்ணெயை நேரே பீச்சும் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினர். சிறிய டீசல் எஞ்சின்கள் பெருகுவதற்கு இஃது ஒரு முக்கிய காரணமாயிற்று. நம் நாட்டில் 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனி தோன்றியது. 1951-இல் பெங்களூரில், மைக்கோ என வழங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தோன்றிப் பீச்சும் பம்புகளையும் நாசில்களையும் செய்து தந்தது.

ஏரியையும் கிணற்றையும் நம்பியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், கவலை ஏற்றம் இருந்த இடத்துக்கு ஆயில் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தன. மின்சாரம் கிராமங்களுக்குப் பரவப் பரவ எஞ்சின் இரண்டாம் இடத்துக்குச் சென்றது. எனினும் அது மறையவில்லை. 2012-ஆம் ஆண்டை ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் தொழிற்சாலைகளும் தறிக்கூடங்களும் ஜெனரேட்டரைக்கொண்டே வேலை நடத்த நேர்ந்தது. டிராக்டரும் பவர் டில்லரும் ஓடுவதும் இவ்வெண்ணெயால்தான். வடிவம் வேறானாலும், எண்ணெய் செல்லும் வழியின் தத்துவம் ஒன்றே.

எண்ணெய் செல்லும் வழி

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அவ்வேளையில் பனிப்புகைபோல் தெளிக்கப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது.

எண்ணெய் முதலில் தொட்டியிலிருந்து வடிகட்டிக்கு வருகிறது. பின் பீச்சும் பம்புக்குச் செல்கிறது. பம்பு அதனைக் கனத்த எஃகுக் குழாய் வழியே இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. இன்ஜெக்டரின் முனையிலுள்ள நாசில் அதனைத் தெளிக்கிறது. எஞ்சிய எண்ணெய் சிறு குழாய் வழியே திரும்பிவிடுகிறது. தொட்டி தாழ்வாக இருப்பின், எண்ணெயை மேலே இழுத்துத் தர ஓர் ஊட்டுப் பம்பும் இருக்கும்.

இனி அளவுகளைக் கவனிக்க. ஐந்து குதிரைத் திறனுள்ள எஞ்சின் முழுப் பளுவில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 1.2 லிட்டர் எண்ணெய் கொள்ளும். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் நான்கடி எஞ்சினில் நிமிடத்துக்கு 750 தடவையும், மணிக்கு 45,000 தடவையும் எண்ணெய் பீச்சப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஒரு துளியளவே செல்கிறது. அந்த ஒரு துளியையும் பம்பு அளந்து, தக்க நொடியில், சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 250 கிலோ வரையிலான அழுத்தத்தில் அனுப்ப வேண்டும். இது சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐம்பது மடங்காகும்.

இவ்வழுத்தம் கசியாதிருக்கவேண்டி, பம்பினுள் இருக்கும் பிளஞ்சரும் அதன் பாரலும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றினிடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் அதில் இரண்டு முதல் நான்கு பங்கே. தலைமயிரின் பருமன் அதனைப்போல் இருபது மடங்குக்குக் குறையாது. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் அங்கே அரம்போல் அராவும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பிளஞ்சரும் பாரலும் பிறவியிலேயே இணை. ஒன்றை மாற்றி மற்றொன்றில் போடலாகாது. நாசிலின் ஊசியும் உடலும் அவ்வாறே.

எதிரிகள் மூவர்

இவ்வழியில் புகக்கூடாதவை மூன்று: தூசி, தண்ணீர், காற்று.

தூசி, எண்ணெய் ஊற்றும்போது புகுகிறது. மூடி திறந்த தொட்டி, மண் படிந்த புனல், சட்டைத் துணியால் துடைத்த அளவுக்குவளை ஆகியவையே அதன் வாயில்கள். புனலில் மெல்லிய கம்பி வலை இருத்தல் வேண்டும். தறிக்கூடத்து அங்கத்தினர் இங்கே ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நூற்கழிவாலும் பஞ்சாலும் எண்ணெய்ப் பகுதிகளைத் துடைத்தல் கூடாது. அவற்றிலிருந்து உதிரும் இழை வடிகட்டியை அடைக்கும். சுத்தமான டீசலில் கழுவிக் கவிழ்த்து வடியவிடுதலே சிறந்தது. துடைத்தே ஆகவேண்டுமாயின் பலமுறை வெளுத்து இழை உதிர்ந்து தீர்ந்த பழைய கைலித் துணியைக் கொள்க.

தண்ணீர் பெரும்பாலும் ஊற்றாமலே வருகிறது. பாதி காலியான தொட்டியில் எஞ்சிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. இரவில் குளிரும்போது அக்காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து எண்ணெய்க்கு அடியில் இறங்குகிறது. ஆகையால் மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைக்க. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் அடித்திருகைத் திறந்து சிறிதளவு ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க. நீர் கனமாகையால் குவளையின் அடியில் தனியே நிற்கும். தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்துவிட வேண்டும். நீர் தங்கினால் நாசில் ஊசி துருப்பிடிக்கும். அன்றியும் நீரும் எண்ணெயும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கரிய வழுவழுப்பான சேறாகி வடிகட்டியை அடைக்கும்.

காற்று, தொட்டி வற்றும்போதும் இணைப்பு தளரும்போதும் புகுகிறது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று நின்றால் பம்பின் தள்ளுதல் முழுவதும் அதனைச் சுருக்குவதிலேயே கழிந்து, நாசில் திறக்காது. எஞ்சின் நின்றுவிடும்.

பீப்பாயைப் பற்றிய எச்சரிக்கை

நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. தோல் பதனிடும் தொழிலில் உப்பு, சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, அமிலங்கள், குரோம் உப்பு முதலியன பயன்படுகின்றன. அவை வந்த பீப்பாயும் பிளாஸ்டிக் டிரம்மும் காலியானபின் மலிவாகக் கிடைக்கலாம். எத்தனை முறை கழுவினும் அவற்றை டீசலுக்குக் கொள்ளலாகாது. மடிப்பிலும் மூடியின் திருகிலும் எஞ்சிய உப்பும் அமிலமும் எண்ணெயிலுள்ள சிறு ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் பம்பையே இழப்பது சிக்கனமாகாது.

துத்தநாகம் பூசிய தகரமும் செம்பும் பித்தளையும்கூட எண்ணெயைச் சேமித்துவைக்க ஏற்றவையல்ல. துத்தநாகம் எண்ணெயிலுள்ள அமிலப்பொருளோடு கூடிச் சோப்புப் போன்ற பசையாகி நாசிலில் படியும். பூச்சற்ற எஃகு டிரம்மோ, எரிபொருளுக்கெனச் செய்த கேனோ போதும். வாங்கிய எண்ணெயை ஒரு நாள் முழுதும் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியில் நான்கு விரற்கடை விட்டு மேலிருந்தே எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. டீசல் எரிபொருள் மட்டுமன்று. பம்புக்கும் நாசிலுக்கும் அதுவே மசகு எண்ணெயுமாகும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படலாகாது. கந்தகத்தை நீக்கும்போது இயற்கையான வழுக்கும் தன்மையும் குறைவதால், அதனை ஈடுசெய்யும் பொருளைச் சேர்த்தே எண்ணெய் விற்பனைக்கு வருகிறது. மண்ணெண்ணெய் சேர்த்தால் அப்பாதுகாப்பு நீர்த்துப்போகும். பிளஞ்சர் விரைவில் தேயும்.

காலமுறைப் பணிகள்

எஞ்சினோடு வந்த கைப்புத்தகமே முதல் ஆசான். பொதுவாகக் கொள்ளத்தக்க முறை வருமாறு:

நாள்தோறும்: நீர் வடித்துப் பார்த்தல், இணைப்புகளில் கசிவு பார்த்தல், மாலையில் தொட்டியை நிரப்புதல். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு 86,400 துளி. நாற்பது துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டாலும் இரண்டு லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போகிறது.

ஏறக்குறைய 250 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை: வடிகட்டியைத் திறந்து கிண்ணத்தைக் கழுவுதல். துணியாலான முதல் வடிகட்டியைச் சுத்தமான டீசலில் அலசலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. கழுவினால் அதன் நுண்துளை கிழிந்து, தடுக்கவேண்டிய தூசியைத் தானே உள்ளே விடும். அதற்குரிய காலத்தில் புதியது போடவேண்டும்.

ஏறக்குறைய 500 மணிக்கு ஒருமுறை: தொட்டியை முழுதும் வடித்துக் கழுவுதல், இன்ஜெக்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி அழுத்தமும் தெளிப்பும் சோதித்தல். கழற்றியவுடன் குழாய் முனைகளைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். மீண்டும் பொருத்துகையில் பழைய செம்பு வாஷர் துளையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து நீக்கிப் புதியதே போடவேண்டும். நாசில் முனைக் கரியை எஃகுக் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டலாகாது.

காற்றை வெளியேற்றும் முறை

வடிகட்டியை மாற்றிய பின்பும், தொட்டி வற்றிய பின்பும் இதனைச் செய்தல் வேண்டும். இம்முறை சாதாரணப் பம்பு உடைய பழைய வகைச் சிறு எஞ்சின்களுக்கே உரியது.

1. தொட்டியை நிரப்பி, அடியிலுள்ள வால்வைத் திறக்க. வடிகட்டி, பம்பு இவற்றின் வெளிப்புறத்தைத் துடைக்க. ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வைக்க.

2. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை ஸ்பானரால் சிறிது தளர்த்துக. முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியின்றி எண்ணெய் வரத் தொடங்கியதும், வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குக.

3. பம்பிலுள்ள காற்றுத் திருகிலும் அவ்வாறே செய்க. தொட்டிக்கு அருகிலிருந்து எஞ்சினை நோக்கி வரிசையாக வருதல் வேண்டும்; வரிசை மாறினால் காற்று பின்னே நின்றுவிடும்.

4. இன்ஜெக்டரில் சேரும் எஃகுக் குழாயின் நட்டை ஒரு சுற்றளவு தளர்த்துக. அழுத்தம் தளர்த்தும் லீவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுக. நட்டின் அடியில் எண்ணெய் கசிந்ததும் இறுக்கிவிடுக.

5. மீண்டும் சுற்றினால் நாசிலிலிருந்து 'கிறீச்' என்னும் ஓசை கேட்கும். அதுவே எண்ணெய் நாசிலுக்கு வந்து சேர்ந்ததற்கு அடையாளம். இனி எஞ்சினைக் கிளப்பலாம்.

இக்காலத்து டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் சிலவற்றில் காமன் ரெயில் முறை உள்ளது. அங்கே அழுத்தம் 1,000 கிலோவையும் கடக்கும். அவ்வகை எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தொடவே கூடாது.

அறிகுறியும் காரணமும்

எஞ்சின் கிளம்பிச் சிறிது நேரத்தில் நின்றால், வடிகட்டி அடைப்பு, தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைப்பு, குழாயில் காற்று ஆகியவற்றை இவ்வரிசையிலேயே பார்க்க. கரும்புகை வந்தால் எண்ணெய் முழுதும் எரியவில்லை என்று பொருள். நாசில் தெளிக்காமல் ஒழுகலாம், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், பளு மிகுதியாயிருக்கலாம். வெண்புகை தொடர்ந்து வந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். அல்லது பீச்சும் நேரம் தவறியிருக்கலாம். நீலப்புகைக்கு எண்ணெய் வழி காரணமன்று. மசகு எண்ணெய் எரிவதன் அடையாளம் அது. அதற்காக நாசிலை மாற்றுவது வீண் செலவு.

பம்பிலுள்ள அளவுத் திருகையும் அரக்கு முத்திரையையும் கலைத்து, 'சற்று எண்ணெய் கூட்டி' வைப்பாருண்டு. பளு தாங்குவதுபோல் முதலில் தோன்றும். பின்னர் கரும்புகையும், பிஸ்டன் சூடும், எண்ணெய்ச் செலவுமே மிஞ்சும். 500 மணி ஓடும் எஞ்சின் 600 லிட்டர் கொள்ளும். அதில் பத்திலொரு பங்கு வீணாகிறது எனக் கொண்டால் 60 லிட்டர் புகையாகப் போய்விடுகிறது. நாசிலைச் சோதிக்க ஆகும் கூலியை இதனோடு ஒப்பிட்டு அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

கையும் நெருப்பும்

நாசிலிலிருந்தோ வெடித்த குழாயிலிருந்தோ பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது. வெளியே தெரிவது ஊசி குத்தியதுபோன்ற ஒரு புள்ளியே. வலியும் முதலில் குறைவு. சில மணி நேரத்துக்குள் உட்சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். தறியிலும் வயலிலும் கையே முதலாக வாழ்பவர் நாம். கசிவைத் தேட விரலை வைக்காமல் ஓர் அட்டைத் துண்டைக் காட்டுக. தப்பித்தவறி எண்ணெய் பாய்ந்துவிட்டால் மஞ்சள் பூசிக் காத்திராது, அன்றே, அப்பொழுதே, அறுவை மருத்துவம் உள்ள மருத்துவமனைக்குச் செல்க. நடந்ததை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுக.

டீசல் பெட்ரோலைப்போல் எளிதில் பற்றாது என்பது உண்மையே. ஆனால் நம் நாட்டுத் தர விதி அதன் தீப்பற்றும் நிலைக்கு வகுத்த கீழெல்லை 35 பாகை. வேலூர்க் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது. வெயிலில் வைத்த டிரம்மின் வாயருகே பீடி பற்றவைப்பது எத்தகைய செயல் என்பதை இதனின்றும் அறியலாம்.

கழுவிய எண்ணெயைக் கால்வாயிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. தோற்கழிவு நீரால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியதும் யாவரும் அறிந்தவை. பிறரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் எஞ்சின் கொட்டகையிலும் கடைப்பிடித்தல் முறையாகும்.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவருக்குக் கடினமானது பத்துப் பேர் கூடினால் எளிதாகும். ஒரே வகை எஞ்சின் வைத்திருப்போர் சேர்ந்து, பட்டறையில் சோதித்த இன்ஜெக்டர் ஒன்றையும் சில வடிகட்டிகளையும் சங்கத்தில் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் இன்ஜெக்டர் பட்டறைக்குச் சென்றிருக்கும்போது மாற்று அவர் எஞ்சினில் ஓடும், பாசனம் நிற்காது. கழிவெண்ணெய்க்கு ஒரு பொது டிரம் வைத்து, உரிய முறையில் எடுத்துக்கொள்வோரிடம் தரலாம். இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாம். எல்லாவற்றிலும் முதலாக, எஞ்சினுக்கு ஒரு குறிப்பேடு வைத்து, ஓடிய மணி, ஊற்றிய லிட்டர், மாற்றிய பொருள் ஆகிய மூன்றையும் எழுதி வருதல் வேண்டும். அதே பளுவில் மணிக்கு 1.2 லிட்டர் கொண்டது 1.4 ஆகுமானால், புகை வருமுன்பே ஏடு நமக்குச் சொல்லிவிடும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. மாலையில் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டுவதன் காரணம் யாது?

2. காகித வடிகட்டியைக் கழுவுவது ஏன் தவறு?

3. காற்றை வெளியேற்றும்போது தொட்டியின் பக்கத்திலிருந்து தொடங்குவது ஏன்?

4. தங்கள் எஞ்சின் சென்ற மாதம் எத்தனை மணி ஓடியது? எத்தனை லிட்டர் கொண்டது? விடை தெரியாத அங்கத்தினர் இன்றே ஒரு குறிப்பேடு வாங்குவாராக.